ஆம்பூர்க் கண்ணுக்குத் தப்பாத தோல்

2014 மே 23 அன்று ‘கோச்சடையான்’ வெளிவந்தபோது ரஜினிகாந்துக்கு வயது 63. திரையில் குதிரையேறி வந்தவருக்கு அதில் பாதிகூட இருக்காது. நடிகரின் அசைவுகளைப் பதிவு செய்து கணினியில் உருவத்தை வளர்த்தெடுக்கும் மோஷன் கேப்சர் முறையில் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய படம் அது. முதல் வாரம் ரசிகர்கள் முப்பரிமாணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசிலடித்துப் பார்த்தார்கள். அதன் பிறகு படம் வீட்டுக்கு வந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

தியேட்டரில் படத்துக்குப் பல துணைகள் உண்டு. முப்பரிமாணக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஏ.ஆர்.ரஹ்மானின் இசை காதை நிறைக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் கைத்தட்டல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் இதெல்லாம் இல்லை. டியூப்லைட் எரிகிறது, கையில் ரிமோட் இருக்கிறது, முகத்தை நிறுத்திவைத்து ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவர்கள் ‘பொம்மை மாதிரி இருக்கிறது’ என்றார்கள். ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்பதைச் சொல்ல வேலூர், ஆம்பூர் வட்டாரத்து ஆட்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆனாலும் ராணிப்பேட்டையிலிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல்தான் முக்கியத் தொழில். பதனிடும் ஆலையான டேனரியில் தரம் பிரிப்பவர் தோலை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுகிறார். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, ஆறிப்போன காயத்தின் வடு, கழுத்துப் பக்கத்துச் சுருக்கம் எல்லாம் அந்த ஒரு தடவலில் கைக்குத் தெரிந்துவிடும். முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தொளதொளக்கும். ஷூ கம்பெனியில் கட்டிங் பார்ப்பவர், காலை மடக்கும்போது அடி வாங்குகிற முன்பகுதிக்கு முதுகிலிருந்து துண்டு எடுப்பார். உள்ளே மறைந்துபோகும் துண்டுகளுக்கு வயிறு போதும்.

குறை மிகுந்த தோலுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. மேற்பரப்பைப் பஃபிங் மெஷினில் தேய்த்து, பிக்மென்ட்டைக் கனமாக அடித்து, எம்பாஸிங் தகட்டில் அழுத்திப் புதிய ரேகை பதித்துவிடுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் மாசு மருவில்லாத தோல். கையில் எடுத்தால் குட்டு வெளிப்படும்: ரேகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, வெளிச்சம் மேற்பூச்சில் பட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. அனிலின் ஃபினிஷ் அப்படியல்ல. சாயத்தின் ஊடாகத் தோலின் இயற்கையான துளைகள் தெரியும். வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்புவதால் நிறத்தில் ஓர் ஆழம் இருக்கும். அதற்கு நல்ல தோல் வேண்டும், அதனால் விலையும் அதிகம்.

கோச்சடையானின் முகத்தில் நடந்தது பிக்மென்ட் ஃபினிஷ்.

இது வெறும் உவமை என்று நினைக்க வேண்டாம், இயற்பியலும் இதைத்தான் சொல்கிறது. மனிதத் தோலில் விழும் வெளிச்சம் முழுவதும் மேலேயே பட்டுத் திரும்புவதில்லை. ஒரு பங்கு உள்ளே புகுந்து, சதையில் சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. மாலை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் குழந்தையின் காது சிவப்பாக ஒளிர்வது இதனால்தான். கணினியில் இதைக் கணக்கிட ஒரு நடைமுறை வழியை ஹென்ரிக் வான் ஜென்சன், ஸ்டீபன் மார்ஷ்னர், பாட் ஹன்ரஹன் உள்ளிட்டோர் 2001இல் தந்தார்கள். பால், பளிங்கு, தோல் மூன்றுக்கும் அது பொருந்தியது. 2002இல் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் வந்த ‘கோலம்’ என்ற பாத்திரம் உயிருள்ளதாகத் தெரிந்ததில் இந்த வகைக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2004இல் ஆஸ்கர் அகாடமி ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ரஹன் மூவருக்கும் தொழில்நுட்ப விருது கொடுத்தது. அதாவது, கோச்சடையான் வருவதற்குப் பத்தாண்டு முன்பே வழி தெரிந்துவிட்டது. அதை ஒவ்வொரு காட்சியிலும் பொறுமையாகச் செய்து முடிக்கும் காலமும் காசும்தான் இங்கே இல்லை.

காசு இருந்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 2001இல் எடுத்த ‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் வித்தின்’ படத்தில் நாயகி அகி ராஸின் தலைமுடி மட்டும் ஏறத்தாழ 60,000 இழைகள். முடி அசைந்தது, முகம் அசையவில்லை. பெருநஷ்டத்தில் அந்த நிறுவனத்தின் திரைப்பட ஸ்டுடியோவே மூடப்பட்டது. மனிதனைப் போலவே இருந்தும் ஏதோ ஒன்று குறையும் உருவத்தைக் கண்டால் நமக்கு ஓர் அருவருப்பு தோன்றும் என்று ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதிவைத்திருந்தார். பிக்ஸார்காரர்கள் விவரமானவர்கள். 1995இல் முதல் முழுநீளக் கணினிப் படத்துக்குப் பொம்மைகளை நாயகர்களாக்கினார்கள். பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காகக் காட்டியவரை யார் குறை சொல்வது?

2004 நவம்பரில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ கார்ட்டூன் உருவங்களையே வைத்துக்கொண்டது. ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ டாம் ஹாங்க்ஸை மோஷன் கேப்சரில் பிடித்தது, அதன் கண்களில் உயிரில்லை என்று விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். அந்தப் படம்தான் அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் தோறும் ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுத் திரை சிலதை அம்பலப்படுத்தும், சிலதை மன்னித்தும் விடும்.

நம் வீட்டுத் திரை நெடுங்காலம் மன்னிக்கும் ரகமாகத்தான் இருந்தது. 2006இல் தி.மு.க. அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது 14 அங்குலப் பெட்டி. அதையொட்டியே மோசர்பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் விற்றது. அந்தப் பெட்டியில் வி.சி.டி. போட்டுப் பார்த்தால் நடிகரின் மூக்கு தெரிந்தாலே பெரிய விஷயம், தோலின் ரேகையைத் தேடுவது எங்கே? இன்று ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும் பெண்ணின் கையிலிருக்கும் போனில்கூட அன்றைய பெட்டியைவிடப் பன்மடங்கு துல்லியமான படம் ஓடுகிறது. இரண்டு விரலால் விரித்தால் முகம் இன்னும் பக்கத்தில் வரும்.

அப்படியானால் ‘மகாவதார் நரசிம்மா’ எப்படித் தப்பியது? அஸ்வின் குமார் இயக்கிய அந்த அனிமேஷன் படம் 2025 ஜூலை 25 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தியேட்டருக்கு வந்தது, செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது. அதன் மனித உருவங்கள் பல இடங்களில் விறைப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் சிங்கமுகப் பெருமாளை யாரும் நேரில் கண்டதில்லை. காலண்டர் படத்திலும் கோயில் தூணிலும் கண்ட உருவம் அசைந்தால் பக்தருக்குப் போதும். ரஜினியின் நிலைமை நேரெதிர். தமிழர்களுக்கு அவர் முகத்தைவிடப் பழகிய முகம் வேறில்லை. முடியைக் கோதும் வேகம், சிரிப்பதற்கு முன் கண்ணில் வரும் அரை நொடிக் குறும்பு, இவைதான் ரஜினி. லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் பதிவான அசைவுகளில் கையும் காலும் வந்து சேர்ந்தன, அந்த அரை நொடி மட்டும் வரவில்லை. நாயகன் நடக்கிறான், காலணியில் மடிப்பு விழவில்லை. பத்து நாள் போட்ட ஷூவின் முன்பகுதி எப்படி மடியும் என்று ஆம்பூரில் குழந்தைக்கும் தெரியும். இருப்பதிலேயே கடினமான பரீட்சையை சௌந்தர்யா தானாகவே எழுதப் போனார். அந்தத் துணிச்சலைப் பாராட்டலாம், விடைத்தாளுக்கு மதிப்பெண் போடுவது சிரமம்.

இதே படத்தில்தான் 2009இல் மறைந்த நாகேஷ் மீண்டும் நடமாடினார். அன்று அது வேடிக்கை, இன்று வழக்கம். ரஹ்மான் 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் குடும்பத்தாரின் அனுமதியோடு செயற்கை நுண்ணறிவால் வரவழைத்தார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில் மறைந்த விஜயகாந்த் வந்தார். தியேட்டரில் ஆரவாரம். வீட்டில் நிறுத்திப் பார்த்தால், இங்கும் பூச்சுதான் முதலில் கண்ணில் படுகிறது. வடுவை எல்லாம் தேய்த்துவிட்டால் ஆளே போய்விடுகிறார் என்பதை இந்தக் கலைஞர்கள் எப்போது ஒப்புக்கொள்வார்களோ?

ஒப்புக்கொள்ள வேண்டுமானால் பழைய வேலையைத் திறந்து பார்க்க வேண்டும். பிக்ஸாரின் ‘எ பக்ஸ் லைஃப்’ 1999இல் கணினிக் கோப்பிலிருந்து நேராக டி.வி.டி.க்கு மாற்றப்பட்டது. பழைய சதுர டிவிக்காகக் காட்சிகளையே மறுபடி அமைத்தார்கள், எடுத்த விதத்தையும் வட்டில் சேர்த்து விற்றார்கள். அதே நிறுவனத்தில் 1998இல் ஒரு தவறான கட்டளையால் ‘டாய் ஸ்டோரி 2’ கோப்புகள் பெரும்பகுதி அழிந்தன. ஊழியர் ஒருவர் வீட்டில் வைத்திருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. கோச்சடையானின் முகக்கோப்புகளும் அசைவுப் பதிவுகளும் எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் அது நிரந்தரமல்ல. உரிமையாளர்கள் அவற்றைத் தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம். ஒரு தமிழ் முகம் கணினியில் எங்கே பிசகியது என்று மாணவர்கள் அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கட்டும். அப்படியே ஒரு வாரம் அவர்களை ஆம்பூர் டேனரிக்கும் அனுப்பிவையுங்கள்.