பாடசாலைக்கும் ஒரு தலைவர் வேண்டும்

துரை விசாரணைக்குக் கூப்பிட்டால் எமது தொழிலாளி தனியே ஆபீசுக்குப் போவதில்லை. தோட்டத் தலைவர் கூடப் போவார். கடிதத்தை வாசித்து விளக்குவார். வாயடைத்துப் போகும் இடத்தில் எடுத்துப் பேசுவார். சந்தா கட்டி, சங்கம் வளர்த்து நாம் பெற்ற உரிமை இது. ஆனால் அதே தொழிலாளி தன் பிள்ளைக்காக அதிபரைக் காணப் போகும்போது கூடப் போக யாரும் இல்லை.

கல்கிசையில் வீட்டு வேலை செய்யும் எமது தோட்டத்துத் தாய் ஒருவர், மகளைத் தன்னோடு அழைத்துவந்து 6ஆம் தரத்தில் சேர்க்கப் போனார். வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். அவர் இருப்பதோ வாடகை அறை. மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில். வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் இன்னும் தோட்டத்தில். மூன்று முறை திரும்பி வந்தார். மூன்று நாள் சம்பளமும் போனது. நான்காம் முறை வெள்ளவத்தையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூடச் சென்றார். "சேர்க்க முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று பணிவாகக் கேட்டார். அடுத்த வாரம் பிள்ளை வகுப்பில் இருந்தாள். பத்திரங்கள் ஒன்றும் மாறவில்லை. கூட ஓர் ஆள் போனார், அவ்வளவுதான்.

5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டுச் சட்டம். ஆனால் சட்டம் எமது லயத்துக்கு எப்போதும் தாமதித்தே வருகிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இடையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பலர் பிள்ளைக்காம்பராவிலிருந்து நேரே கொழுந்து மலைக்குப் போனார்கள்.

ஆஸ்திரேலியாவில் பழங்குடி மாணவர் படிக்கும் அரசுப் பாடசாலைகள் பலவற்றில், அவர்களுக்குத் துணையாக அச்சமூகத்தவரையே சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையே பேசுவதே அவர்கள் வேலை. நாம் பழங்குடியினர் அல்லர். ஆனாலும் பாடசாலை வாசலில் அந்தத் தாய்மாருக்கு வரும் தயக்கம் எமக்குப் புதிதல்ல.

அத்தகைய பதவியை எமது பாடசாலைகளிலும் உருவாக்கும்படி கல்வி அமைச்சைக் கேட்போம். அதுவரை கைகட்டி நிற்க வேண்டாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் உயர்தரம் படித்த ஒரு பிள்ளையை மாணவர் துணையாளராகத் தெரிவு செய்யட்டும். அவருக்குரிய பயணச் செலவைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுப்போம்.

மூன்று நாள் பாடசாலைக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அவர் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்ய உதவ வேண்டும். சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்துச் சொல்ல வேண்டும். கொழும்பில் வீட்டு வேலைக்கென்று பிள்ளையைக் கேட்டு எவராவது லயத்துக்கு வந்தால், உடனே தலைவருக்கும் 1929 இலக்கத்துக்கும் அறிவிக்க வேண்டும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கல்கிசைப் பகுதிகளில் வேலை செய்யும் எமது உறவுகளுக்கும் இவ்வாறான துணையாளர் தேவை.

தொழிலாளியைத் தனியே விசாரணைக்கு அனுப்பாத சங்கம், தொழிலாளியின் பிள்ளையையும் தனியே விடக் கூடாது.