பிலிகுண்டுலு கணக்கும் பெங்களூர்த் தமிழர்களும்

காவிரியில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் ஆகஸ்டு மாதம் பிறந்தாலே அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்கள் பத்திரிகையில் முதலில் தேடுவது "எத்தனை கன அடி?" என்பதைத்தான். இந்த எண்ணுக்கும் அவர்களது கடைக் கதவுக்கும் உள்ள தொடர்பை 1991 டிசம்பரிலும், 2016 செப்டம்பர் 12-ந் தேதியும் நகரம் பார்த்துவிட்டது. அந்த செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. ஊருக்குப் போகிறவர்கள் எல்லைவரை நடந்தார்கள்.

இவ்வளவு வினையை விளைவிக்கும் அந்த எண் எங்கே, எப்படி எடுக்கப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாது.

ஒகேனக்கல்லுக்கு மேலே, இரு மாநில எல்லையில் உள்ளது பிலிகுண்டுலு. இங்கே அளப்பது கர்நாடகமும் அல்ல, தமிழ்நாடும் அல்ல. மத்திய நீர்வள ஆணையம். கரையில் நட்ட அளவுகோலில் நீர்மட்டம் பார்க்கப்படுகிறது. ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும், சிறு கிண்ணங்கள் பொருத்திய சக்கரம் சுழலும் கணக்கைக் கொண்டு நீரின் வேகத்தையும் எடுக்கிறார்கள். பரப்பை வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை கன அடி என்று வருகிறது. வெள்ளத்தில் ஆற்றுக்குள் இறங்க முடியாதபோது, இன்ன மட்டத்துக்கு இன்ன அளவு நீர் என்று முன்பே அளந்து வைத்த பட்டியல் கைகொடுக்கும். மணல் அரித்து ஆற்றின் அடி மாறினால் அந்தப் பட்டியலையும் திருத்தியாக வேண்டும்.

மூன்று எண்கள்

குழப்பம் இனிமேல்தான். கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் திறந்துவிட்டது ஒரு எண். பிலிகுண்டுலுவைக் கடந்தது இன்னொன்று. மேட்டூருக்கு வந்து சேர்ந்தது மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அணையில் விட்ட நீர் எல்லைக்கு வர நாட்கள் பிடிக்கும். இடையில் சிம்ஷா, அர்க்காவதி போன்ற ஆறுகள் சேர்கின்றன. அந்தப் பக்கம் ஒரு நல்ல மழை பெய்தால், அணையில் குறைவாகத் திறந்தும் பிலிகுண்டுலுவில் கூடுதலாகக் காட்டும். மழை இல்லாவிட்டால் நேர்மாறு. விவரம் தெரியாதவர்களுக்கு இரண்டுமே மோசடியாகத் தோன்றும்.

2023-ல் நடந்ததைப் பார்க்கலாம். அந்த ஆகஸ்டு இறுதியில் காவிரி ஒழுங்காற்றுக் குழு, பிலிகுண்டுலுவில் 15 நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கன அடி கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. எல்லையில் இந்த அளவு தெரிய வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அணையின் மதகைப் பற்றியது அல்ல. 15 நாளுக்கும் சேர்த்தால் 6.48 டி.எம்.சி. வருகிறது. 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி.; அதில் ஆகஸ்டின் பங்கு 45.95. அதாவது நாள்தோறும் சராசரியாக வினாடிக்கு சுமார் 17,000 கன அடி. தஞ்சாவூர் விவசாயிக்கு 5,000 என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்டியா விவசாயிக்கோ தன் வயல் காயும்போது வெளியே போகும் வெள்ளம். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த செப்டம்பர் 26-ல் பெங்களூரும் 29-ல் கர்நாடகம் முழுவதும் பந்த் நடந்தது.

நல்ல மழை ஆண்டில் இந்தச் சண்டை இல்லை. 2024 ஜூலையில் காவிரி கரை புரண்டது, மேட்டூர் நிரம்பியது. வெள்ளம் வந்ததும் மாதக் கணக்குப் பேச்சு அடங்கியது.

பற்றாக்குறை ஆண்டில்

உண்மையான சிக்கல் பற்றாக்குறையைப் பங்கிடுவதில் இருக்கிறது. நீர் குறைந்தால் பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பது நடுவர் மன்றத்தின் கொள்கை. எவ்வளவு குறைந்தது என்று அறிய, கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வந்த நீரைத் தெரிந்தாக வேண்டும். எல்லையில் அளப்பது நடுநிலையான கை. அணைகளின் கணக்கையோ அந்தந்த மாநிலமே எழுதி ஒழுங்காற்றுக் குழுவுக்குத் தருகிறது. மேட்டூருக்கும் இது பொருந்தும். சர்ச்சைக்குரிய சொத்தின் வரவேட்டை வழக்காடுகிறவர்களே எழுதிவிட்டு, செலவை மட்டும் மூன்றாம் மனிதர் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. அணைகளின் வரத்தையும் மத்திய ஆணையமே அளந்தால் வாதத்தில் பாதி குறையும்.

பெங்களூருக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டத்தோடு நகரம் குடிக்கும் காவிரி நீர் கூடியிருக்கிறது. குடித்துக் கழித்ததில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் விழுந்து, மேகதாதுக்கு அருகே காவிரியில் கலந்து, பிலிகுண்டுலுவைக் கடக்கிறது. அங்கே அதுவும் கன அடிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அடுத்த வறட்சி எந்த ஆண்டில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். மூன்று எண்களையும், அளந்த நாளோடும் இடத்தோடும், காவிரி ஆணையமே தினமும் காலையில் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே அறிக்கையாக வெளியிட வேண்டும். தமிழ்ப் பத்திரிகையில் பாக்கியும் கன்னடப் பத்திரிகையில் திறப்பும் மட்டுமே தலைப்பாக வரும்வரை, இரண்டையும் படிக்கும் பெங்களூர்த் தமிழன் அன்று கடை திறக்கலாமா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பான்.