மாடி அறையும் மூன்று மாத விருந்தாளியும்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மேலகரத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஆய்க்குடியில் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம். மூன்று மாதம் தங்க இவர்கள் வீட்டு மாடி அறையைக் கேட்டிருக்கிறார்கள். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த அறை சும்மாதான் கிடக்கிறது. "நம்ம சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கிடுமா? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க? மூணு மாசத்துல அவ இந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் செஞ்சிர முடியும்?" என்று கேட்கிறார். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆய்க்குடி நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தவர், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூரு போன இடத்தில் கீழே விழுந்தார். முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தனக்கு வைத்தியம் பார்த்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-ல் சங்கத்தை ஆரம்பித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்த ஆண்டு அது. பிறகு தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து தோள் கொடுத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் வளர்ச்சி பிந்திய குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, களப்பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் இந்தச் சங்கத்தின் வேலைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது.

அப்படி ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பையன், மூன்று வயது இருக்கும். அம்மா அவனைக் கால்மேல் மல்லாக்கப் போட்டுப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கு வாய் புரையேறியது. கூட வந்திருந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் பிள்ளையைத் தொடவே இல்லை. நம்மூர்க் களப்பணியாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் கொடியில் கிடந்த பழைய சேலையை உருவிச் சுருட்டிப் பையனின் முதுகுக்கு முட்டுக் கொடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்திப் பிடித்துக் காட்டினார். அடுத்த வாயை அம்மாவே ஊட்டினார். புரையேறவில்லை. அந்தப் பயிற்சியாளர் ஊருக்குப் போய்விட்டாலும் அது அந்த அம்மாவின் கையில் நிற்கும். மூன்று மாதத்தில் செய்யக்கூடியது இதுதான், இது பெரிய காரியம்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. பல நாடுகளில் அனாதை இல்லங்களுக்கு இளைஞர்கள் பணம் கட்டி இரண்டு வாரம் போகிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்ட குழந்தை ஒவ்வொரு முறையும் அறுந்து நிற்கிறது. அந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது இன்னும் கொடுமை. வருகிறவர் பணத்துக்காகவே பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரும் இடங்களும் உண்டு. 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது இந்தக் கடத்தலும் விவாதத்துக்கு வந்தது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே இத்தகைய தொண்டுச் சுற்றுலாவின் தீங்கைத் தன் தீர்மானத்தில் சொன்னது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது நேபாளம், கம்போடியா, கென்யா என்று கிளம்புகிறார்கள். அனுப்பும் பெற்றோர் ஒன்று கேட்டுப் பாருங்கள்: என் பிள்ளை திரும்பி வந்த மறுநாள் அந்த வேலையை அங்கே யார் செய்வார்? பதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.

இங்கேயே தங்கிவிட்டவரும் நம் சீமையில் இருந்தார். அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பக்கம் வந்து, வாக்கர் என்ற பாதிரியார் குடும்பத்தோடு தங்கித் தமிழ் படித்தார். 1901-ல் கோயில் பணிக்கு விடப்பட்ட ஒரு சிறுமி ஓடி வந்து அவரிடம் அடைக்கலமானாள். அதிலிருந்து வளர்ந்ததுதான் களக்காட்டுக்கு அருகே உள்ள டோனாவூர் இல்லம். 1951-ல் இறக்கும்வரை அவர் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். மதம் பரப்ப வந்தவர்தானே என்ற விமர்சனம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் எடுத்த பிள்ளையைக் கடைசிவரை விடாத அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு வருகிற பெண்ணால் அப்படி இருக்க முடியாது. அதனால்தான் அவளுக்கு உங்கள் வீடு தேவைப்படுகிறது, அம்மா. விடுதியில் தங்கினால் அவள் பார்ப்பது வேலையை மட்டும்தான். உங்கள் அடுப்படியில் உட்கார்ந்தால்தான் இந்த ஊரில் ஒரு தாய்க்குக் காலை ஆறு மணிக்கு எத்தனை வேலை என்று தெரியும். தெரிந்தால், "தினம் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள்" என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டுப் போகமாட்டாள். குளிப்பாட்டும்போது எதைச் செய்யலாம், ஊட்டும்போது எதைச் செய்யலாம் என்று யோசிப்பாள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். முதல் வாரம் இட்லி, தயிர்ச்சாதம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். சொதியும் உளுந்தங்களியும் பிறகு ஆகட்டும். அவளை விருந்தாளியாக நாற்காலியில் உட்கார்த்தாமல் வெங்காயம் உரிக்கக் கூப்பிடுங்கள். இரவு எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பதை முதல் நாளே உங்கள் மகளிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. தொண்டு வேலைக்கு ஏற்ற விசாவில்தான் வருகிறாளா என்பதையும் அழைக்கும் அமைப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று மாதத் தொண்டுக்குச் சுற்றுலா விசா செல்லாது. அக்கம்பக்கத்தார் கேட்டால், ஆய்க்குடிப் பிள்ளைகளுக்காக வந்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் இப்படி யாரையாவது வீட்டில் வைத்திருந்த வாசகர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். மேலகரத்து அம்மாவுக்கும் அது உதவும். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்