இயற்கைப் பிரசவம் என்றால் சும்மா இருப்பதல்ல

மாடு கன்று ஈனும் நேரத்தில் நம் தொழுவம் எப்படி இருக்கும்? யாரும் சத்தம் போட மாட்டோம், கூட்டம் கூட மாட்டோம். படுக்கவும் எழவும் இடம் விட்டு, காய்ந்த வைக்கோலைப் பரப்பி, தள்ளி நின்று பார்த்துக்கொள்வோம். கன்று மாட்டிக்கொண்டால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட ஓடுவோம். இத்தனை பக்குவம் தெரிந்த நாம், வீட்டுப் பெண்ணின் பிரசவம் என்றால் மட்டும் ஏதாவது ஒரு கோடிக்குப் போய்விடுகிறோம்.

ஒரு கோடியில், "வலி தாங்க மாட்டா, நாள் பார்த்து ஆபரேஷன் பண்ணிடுங்க" என்பவர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைதான். தனியார் மருத்துவமனைகளில் 64. மறு கோடியில் நம்மவர்களே சிலர். ரசாயனம் வேண்டாம் என்ற அதே வாயால் ஆஸ்பத்திரியும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்கிறார்கள். 2018ல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்துபோனதை மறக்கலாமா?

இயற்கை விவசாயம் என்றால் விதைத்துவிட்டுச் சும்மா இருப்பதா? யூரியா போடுகிறவரைவிட நமக்குத்தானே வேலை அதிகம்! பலதானியம் விதைத்து மடக்கி உழுகிறோம், அமுதக்கரைசல் கலக்குகிறோம், தினமும் வயலைச் சுற்றி வருகிறோம். பிரசவத்துக்கும் அப்படி ஒரு முன்தயாரிப்பு வேண்டும்.

முதலில் ரத்தம். அதே கணக்கெடுப்பில் நம் மாநிலக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்த உடம்பு சாதாரண உதிரப்போக்கையே தாங்காது. முருங்கைக்கீரையும் எள்ளும் சாப்பிடட்டும். அதற்காக இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளில் கர்ப்பிணியை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

அடுத்தது வலி. பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும் என்று 1930களிலேயே எழுதினார் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர். நாமோ தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பிள்ளையிடம் "நான் செத்துப் பொழச்சேன்" என்று கதை சொல்கிறோம். அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. பிரசவ வலி அலை மாதிரி வரும். ஏறி, உச்சிக்குப் போய், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். நடுவில் ஓய்வு உண்டு. வலி ஏறும்போது மூச்சை நீளமாக விட வேண்டும், இறங்கியதும் உடம்பைத் தளர்த்த வேண்டும். மல்லாந்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், ஒருவர் தோளில் சாயலாம். இடுப்பை அழுத்தித் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் இரண்டையும் உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அவள் விரும்பினால் வலி மரக்க ஊசி போடுவதையும் அதே வழிகாட்டுதல் ஏற்கிறது. ஊசி கேட்பவள் தோற்றவள் இல்லை. தேவைப்பட்டு அறுவை செய்துகொண்டவளும் தோற்றவள் இல்லை.

சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வந்து அடங்கிவிடும். பிரசவ வலி நேரம் ஆக ஆக நெருங்கும், கூடும். பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கசாயம் வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது. உடனே 108.

மூன்றாவது துணை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் கூட இருக்க ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் உண்டு. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அம்மாவா, அத்தையா, அக்காவா என்று பிரசவிக்கப்போகிறவளே சொல்லட்டும். பதறுகிறவர் வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவர் வேண்டும். வலியில் கத்துகிறவளை அதட்டுவது யாராக இருந்தாலும் தப்பு. ஆண்களுக்கும் வேலை இருக்கிறது: வண்டி, ரத்தம் கொடுக்க ஆள், கைச்செலவுக்குப் பணம்.

வளைகாப்புக்கு எவ்வளவோ செலவு செய்கிறோம். வளையல் போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, கிராம சுகாதார செவிலியரையும் அழைத்து உட்காருங்கள். தாய்வீட்டுக்குப் போனால் எந்த ஆஸ்பத்திரி, பரிசோதனைச் சீட்டெல்லாம் கையில் இருக்கிறதா, ராத்திரி வலி வந்தால் யார் வண்டி எடுப்பது, உள்ளே யார் கூடப் போவது என்று பேசி முடிவு செய்யுங்கள். வீட்டு ஆண்களும் அதில் இருக்க வேண்டும்.