18 அடி இடம்

பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்ப எண்ணுகையில் வகுப்பறைகள் எத்தனை, செலவு எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். நடக்க இயலாத பிள்ளை எவ்வழியாக உள்ளே வரும் என்று கேட்பதோ, கட்டடம் முடிந்த பிறகுதான்!

பின்னர் ஒரு சாய்தளம் போட்டால் போதாதா எனலாம். 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்திற்குரிய அளவு. அரையடி உயரமுள்ள 3 படிகளுக்கு 18 அடி வேண்டும். சுவர் எழும்பியபின் அவ்விடத்திற்கு எங்கே போவது? நீளத்தைக் குறைத்துச் சரிவைக் கூட்டினால், சக்கர நாற்காலி ஏறாது, இறங்குகையில் கவிழும்.

உள்ளே வந்துவிட்டால் மட்டும் போதுமா? கழிப்பறைக்கு 3 அடி அகலக் கதவும், நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி இடமும், பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். இவை இல்லையேல், பிள்ளை மாலைவரை தண்ணீர் அருந்தாமலே இருக்கும். பின்னர் பள்ளிக்கே வராது. பார்வை குறைந்த பிள்ளைக்குப் படி விளிம்பில் பளிச்சென்ற நிறக்கோடும், இரைச்சல் தாளாத ஆட்டிசப் பிள்ளைக்கு அமைதியான சிற்றறையும் தேவை.

இது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளை வேற்றுமையின்றிச் சேர்க்கவும், கட்டடத்தை அவர்களுக்கேற்ப அமைக்கவும் வேண்டுமென 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பணிக்கிறது.

ஆகவே, பங்குப் பள்ளிக்கு வரைபடம் தீட்டுமுன், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துக் கேட்போம். "நம் பள்ளியில் அப்படி எவருமில்லையே" என்பார் சிலர். வர வழியில்லாததால் அன்றோ அவர்கள் வரவில்லை!