குறட்டை சிரித்துவிட்டுப் போகிற விஷயமா?

ஜி.எஸ்.டி., உரிமம், எடைக்கல் முத்திரை என்று பேசுகிற பக்கத்தில் குறட்டைக்கு என்ன வேலை என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். பகல் இரண்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகிப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்; வேலை இருப்பது புரியும்.

கடலூர்-சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் நாள் எப்படிப் போகிறது? விடியுமுன் கொள்முதல். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக இரவு வெகுநேரம் வரை வியாபாரம். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வயிறு நிறையச் சாப்பாடு. கை ஈரம் காயுமுன் படுக்கை. பகல் முழுவதும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. நாற்பது வயதில் தொப்பை என்பது நம் தொழிலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதை ‘முதலாளி களை’ என்று பாராட்டுகிறவர்களும் உண்டு!

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகுகிறது. அந்த இடுக்கில் காற்று நுழையும்போது உள்நாக்கும் மேலண்ணத்தின் மென்பகுதியும் அதிர்வதால் எழும் சத்தமே குறட்டை. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் பாதை இன்னும் நெருக்கப்படும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னுக்குச் சரியும். மதுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்திவிடும். புகைப்பழக்கம், தைராய்டு சுரப்புக் குறைவு, வளைந்த மூக்குத்தண்டு ஆகியவையும் காரணமாகலாம். மூக்கடைப்பும் ஒரு காரணம். மிளகாய் நெடி, மாவுத் தூசி, லாரிப் புழுதி நடுவே பிழைக்கும் நமக்கு அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சளி பிடித்த வாரத்தில் மட்டும் வரும் குறட்டைக்குப் பயப்பட வேண்டாம். அன்றாடம் வருகிற உரத்த குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோய், பத்து விநாடி, சில சமயம் அரை நிமிடம் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலுடன் திரும்புகிறதா? அதுதான் ‘தூக்கத்தில் மூச்சுத் தடை’ என்னும் நோயின் அறிகுறி. இப்படி மணிக்கு 5 முறைக்கு மேல் நேர்ந்தால் நோயாகவும், 30-ஐத் தாண்டினால் கடுமையாகவும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, இருதயம் தடுமாறுகிறது. ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி பல உடல்நலக் கோளாறுகளுக்குப் பின் 2022 பிப்ரவரியில் மும்பையில் 69 வயதில் காலமானபோது, மரணத்துக்கு இந்த மூச்சுத் தடையே காரணம் என்று சிகிச்சை தந்த மருத்துவர் தெரிவித்தார். இந்தியாவில் உழைக்கும் வயதினரில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள்.

நம் கவலை சாலையைப் பற்றியது. இரவு முழுக்க மூச்சுக்குத் திணறியவர் அதிகாலையில் லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஸ்டியரிங்கில் ஒரு நொடி கண் மூடினால் போதும். வண்டிக்கு எஃப்.சி. பார்க்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம். ஓட்டுகிறவரின் தூக்கத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. குறட்டை விடுகிறவரைக் கும்பகர்ணன் என்று கேலி பேசுவதோடு சரி. இது போதாது என்பதே நம் கருத்து.

சங்கங்கள் நடத்தும் இலவச முகாம்களில் சர்க்கரை, பி.பி.யோடு கழுத்தையும் அளக்கட்டும். ஜவுளிக்கடை அளவு நாடா போதும். ஆண்களுக்கு 17 அங்குலம், பெண்களுக்கு 16 அங்குலத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. பகல் தூக்கம், காலைத் தலைவலி, இரவில் மூச்சடைத்து விழிப்பது ஆகியவற்றையும் கேட்கட்டும். குறட்டையோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்குத் தொண்டை நிபுணரையோ நுரையீரல் நிபுணரையோ பார்ப்பதுதான் சரி. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுவை ஜிப்மரும் எட்டாத தூரமில்லை. போகும்போது வீட்டு அம்மாவையும் அழைத்துப் போங்கள். மூச்சு நின்றதைப் பார்த்தவர் அவர்தான்; நமக்கு அது தெரியாது.

மருத்துவர் சொன்னால் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோய் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் கருவி உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் வெளியிட்ட முறை இது. லேசான குறட்டைக்கு எடையைக் குறைப்பது, மதுவை விடுவது, ஒருக்களித்துப் படுப்பது ஆகியவையே பெரும்பாலும் போதும். பனியனின் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டால் மல்லாந்து படுக்க முடியாது, செலவில்லாத வைத்தியம்! விளம்பரத்தில் வரும் மூக்குக் கிளிப்புகளுக்குக் காசைக் கொட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயம் வேறு. வாயைத் திறந்துகொண்டு தினமும் குறட்டை விடும் குழந்தைக்கு டான்சிலோ மூக்கின் பின்புறச் சதையோ வீங்கியிருக்கலாம். வகுப்பில் தூங்கி வழிகிறான், படிப்பில் மந்தம் என்று திட்டுவதற்கு முன் தொண்டையைக் காட்டிவிடுங்கள்.