தடுக்கும் விதியும் எச்சரிக்கும் விதியும்

வணிக மென்பொருளிற் பதியப்பெறும் தரவுகளைச் சரிபார்க்கும் விதிகளுட் சில பிழையைத் தடுத்து நிறுத்துவன. சில எச்சரித்துவிட்டு இடங்கொடுப்பன. எச்சரிக்கையே போதும் என்பார், ஜப்பானில் 2005 டிசம்பர் 8-இல் நிகழ்ந்ததை நோக்குக. மிஸூஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தார், ஜே-காம் கம்பெனியின் பங்கு ஒன்றை 6,10,000 யென்னுக்கு விற்க எண்ணி, 6,10,000 பங்குகளைத் தலைக்கு ஒரு யென்னாக விற்பதாகப் பதிந்தனர். திரையில் எச்சரிக்கை தோன்றியது; பொருட்படுத்துவாரில்லை. இழப்போ ஏறத்தாழ 4,000 கோடி யென். அக்கம்பெனி வெளியிட்ட பங்குகளே மொத்தம் 14,500 அளவின. ‘உள்ளதினும் மிகுதியாய் விற்றலாகாது’ என்னும் ஒரு விதி அப்பதிவைத் தடுத்திருக்குமன்றோ?

ஆயினும், அனைத்தையும் தடுத்தலும் தகாது. குடும்பப்பெயரில்லாப் படிவத்தை ஏலாத விதி, அப்பெயர் வழங்காத தமிழரைப் பொய் எழுதவே தூண்டும். ஆதலின் நிகழவொண்ணாததைத் தடுக்க, ஐயத்துக்குரியதற்கே எச்சரிக்க. எதற்கும் கூவும் காவலனுக்கு எவர் செவிசாய்ப்பர்?